வோகொண்டி அட்லஸ் வாங்கும் முன்

ழில், திதியே ரோபேர் த வோகொண்டி (அப்பாவும் மகனும்) 1757ல் பாரிஸில் வெளியிட்ட ‘அட்லஸ் யூனிவெர்செல்’ விலைக்கு வந்தால் முதலில் வரைபடங்களை எண்ணுங்கள்: 108 இருக்கணும். அமெரிக்கப் படங்களை உருவித் தனியாக விற்றிருப்பார்கள்.

அடுத்து வண்ணம். எல்லைக்கோட்டில் மட்டும் தீற்றுவதுதான் அன்றைய வழக்கம். தலைப்பைச் சுற்றிய அலங்காரச் சட்டம் பளபளவென்று வண்ணத்தில் இருந்தால், பின்னாளில் யாரோ பூசியதாக இருக்கலாம். (அழகாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.)

தாளைத் திருப்புங்கள். பச்சைக் கோடு பின்பக்கம் பழுப்பாக ஊறியிருந்தால் அது செப்புப் பச்சை. தாளையே அரிக்கும், அங்கே வளைத்தால் கோட்டோடு கோடாக விரிசல் விடும். நடுமடிப்பில் செலோடேப் ஒட்டியிருந்தால் கை வைக்காதீர்கள், உரித்தால் தாளின் மேற்பரப்பும் மையும் சேர்ந்தே வரும்.