"எனக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு அக்கா சொன்னா

போன மாசம் ஒரு நாள் காலையில பல்லு தேய்ச்சிட்டு கண்ணாடியைப் பார்த்தா வலது கண்ணு பாப்பா மட்டும் அகலமா விரிஞ்சு கெடக்கு, இடது கண்ணு எப்பவும் போல இருக்கு. லைட்டை போட்டேன், இடது சுருங்குது, வலது அசையவே இல்ல. போனை எடுத்து படிக்கப் பார்த்தா கிட்டத்துல எழுத்தெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி. அப்புறம் நான் செஞ்ச தப்பு, அதே போன்லயே "ஒரு கண் பாப்பா மட்டும் பெருசு"ன்னு தேடினது. மூளையில ரத்தக்கசிவு, கட்டி, நரம்பு அடைப்புன்னு வரிசையா வருது, குளிக்காம கூட கிளம்பி கண் டாக்டர்கிட்ட ஓடினேன்.

டாக்டரம்மா ரொம்ப நிதானம். தலையில அடி பட்டுச்சா, தலைவலி இருக்கா, இமை கீழ இறங்குதா, யாரோட சொட்டு மருந்தாவது தவறி ஊத்திக்கிட்டீங்களான்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. எல்லாத்துக்கும் இல்ல. கடைசியா "நேத்து தோட்ட வேலை ஏதாவது செஞ்சீங்களா?"ன்னாங்க. ஆமா, நானும் அக்காவும் சேர்ந்து வீட்டுப் பின்னாடி மண்டிக் கெடந்த களையெல்லாம் புடுங்கினோம், அதுல இடுப்பு உயரத்துக்கு ஊமத்தைச் செடி ரெண்டு மூணு இருந்துச்சு, வெள்ளைப் பூ, முள்ளுக்காய் எல்லாம் இருந்துச்சுன்னு சொன்னேன். சிரிச்சிட்டாங்க. இருந்தாலும் பைலோகார்பின்னு ஒரு சொட்டு மருந்து ரெண்டு கண்ணுலயும் விட்டு உக்கார வெச்சாங்க. சாதாரணமா அந்த மருந்துக்கு பாப்பா சுருங்கணும். இடது நல்லா சுருங்குச்சு, வலது அப்படியே நிக்குது. "நல்ல விஷயம்"னாங்க! சுருங்கலைன்னா எப்படிங்க நல்ல விஷயம்னு கேட்டேன். நரம்புல கோளாறுன்னா இந்த மருந்துக்கு சுருங்கியிருக்கும், சுருங்கலைன்னா செடியோட சாறு உள்ள போய் அந்த இடத்தையே அடைச்சு வெச்சிருக்கு, தானா சரியாகிடும், சில நாள் ஆகும்னாங்க. தோட்டக்காரங்களுக்கு வர்ற விரிஞ்ச பாப்பான்னு இதுக்கு தனியா பேரே இருக்காம்.

வீட்டுக்கு வந்து அக்காகிட்ட சொன்னா, அவளுக்கு சிரிப்பு தாங்கல. "நான் உன்னைவிட ரெண்டு மடங்கு செடி புடுங்கினேன்டா, அதே கையால எத்தனை தடவை மூஞ்சியைத் தொடச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே. உனக்கு மட்டும் எப்படித்தான் இதெல்லாம் வருதோ". அத்தான் வேற கூட சேர்ந்துக்கிட்டாரு, அவர் ஸ்கூல் படிக்கும்போது கூடப் படிச்ச ஒருத்தன் பந்தயத்துக்கு ஊமத்தை விதை மென்னான், ஒண்ணுமே ஆகல, அடுத்த நாள் கிளாசுக்கு வந்துட்டான், சும்மா பயமுறுத்துறாங்கன்னாரு. எனக்கு கண்ணை விட அந்த பேச்சுதான் உறுத்துச்சு. ஒரே செடி, ஒரே நாள், ரெண்டு பேர், ரெண்டு விதமா எப்படி? ஒரு கண்ணை மூடிக்கிட்டு நாலு நாள் உக்காந்து படிச்சதுல தேறினதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல செடி என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். ஊமத்தை கத்தரி, தக்காளி குடும்பம்தான். அதுக்குள்ள அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபாலமின்னு மூணு முக்கியமான சரக்கு. நம்ம உடம்புல அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனம் நரம்புலேருந்து சேதி கொண்டு போகுது. எச்சில் ஊறு, வேர்வை விடு, குடலை அசை, மூத்திரப்பையை சுருக்கு, கண்ணு பாப்பாவை சுருக்கு, இதயத்தை மெதுவா ஓட்டு, இதெல்லாம் அதோட வேலை, மூளையில ஞாபகம் பதியறதுலயும் அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. ஊமத்தை சரக்கு போய் அந்த சேதி வாங்குற வாசல்ல உக்காந்துக்கும். கதவு திறக்காது. அதனால வாய் காயுது, வேர்வை நின்னு உடம்பு கொதிக்குது, மூத்திரம் அடைச்சுக்குது, இதயம் படபடன்னு ஓடுது, பாப்பா விரியுது, புத்தி கலங்குது.

டாக்டருக்குப் படிக்கிற பசங்க இதை மனப்பாடம் பண்ண ஒரு இங்கிலீஷ் வாய்ப்பாடு வெச்சிருக்காங்க, முயல் மாதிரி சூடு, வௌவால் மாதிரி குருடு, எலும்பு மாதிரி வறட்சி, பீட்ரூட் மாதிரி சிவப்புன்னு போகும். இதுல முயலைச் சேர்த்ததுதான் வேடிக்கை. ஏன்னா சில முயலுங்க இந்த மாதிரி இலையைத் தின்னுட்டு சும்மா துள்ளிக்கிட்டுத் திரியும். அட்ரோபினை வெட்டிப்போடுற ஒரு நொதி அதுங்க ரத்தத்துல இருக்கு. ஆனா எல்லா முயலுக்கும் கிடையாது! அது பரம்பரையா வர்ற விஷயம்னு 1943-லயே கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. ஒரே கூண்டுல இருக்கிற ரெண்டு முயல்ல ஒண்ணு தாங்கும், ஒண்ணு தாங்காது. மனுஷனுக்கு அந்த வசதி இல்ல.

அப்போ மனுஷங்களுக்குள்ள வித்தியாசம் எங்கேருந்து வருது? பாதி செடியிலேருந்தே வருது. கம்பெனி மாத்திரைன்னா அட்டையில எவ்வளவு மில்லிகிராம்னு போட்டிருக்கும், பத்து மாத்திரை பத்தும் ஒரே அளவு. செடிக்கு அப்படி கிடையாது. இலையில ஒரு அளவு, விதையில ஒரு அளவு, வேர்ல ஒரு அளவு. இளஞ்செடிக்கும் முத்தின செடிக்கும் வித்தியாசம், மண்ணு, வெயில், மழை, பருவம் எல்லாம் சேர்ந்து மாத்தும். பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டு செடி கூட ஒண்ணு போல இருக்காது. அத்தானோட கிளாஸ்மேட் மென்ன விதை முத்தினதா பிஞ்சா, மென்னானா அப்படியே முழுங்கினானா, பாதியைத் துப்பினானா, யாருக்குத் தெரியும். விதையை முழுசா முழுங்கினா உறை உடையாம நிறைய வெளியவே போயிடலாம், நல்லா மென்னா கதையே வேற. "அவனுக்கு ஒண்ணும் ஆகல"ங்கிறது அன்னைக்கு அந்த விதையைப் பத்தின சேதி, அவ்வளவுதான்.

மீதிப் பாதி ஆளைப் பொறுத்தது. சின்னப் பிள்ளைங்களுக்கு உடம்பு சிறுசு, சூடு சட்டுனு ஏறும். வயசானவங்க மூளைக்கு ஏற்கனவே இந்த அசிட்டைல்கோலின் கையிருப்பு கம்மி, கொஞ்சம் அடைச்சாலே குழம்பிடுவாங்க. டவுன் சிண்ட்ரோம் இருக்கிறவங்களுக்கு அட்ரோபின் கூடுதலா வேலை செய்யும்னு ரொம்ப காலமா டாக்டருங்களுக்குத் தெரியும். கண் அழுத்தம், ப்ராஸ்டேட் வீக்கம், இதய நோய் இருந்தா ஒவ்வொண்ணும் தனித் தொல்லை. எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது மாத்திரை விஷயம். தூக்கம் வர வைக்கிற பழைய அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், அடிக்கடி மூத்திரம் போறதுக்குக் கொடுக்கிற சில மாத்திரை இதெல்லாமும் அதே வாசலைத்தான் அடைக்குது. அதைத் தினம் போடுற ஆளு உடம்புல ஊமத்தை போனா பாதி வேலை முன்னாடியே முடிஞ்சிருக்கும். இதுக்கு மேல குடல் வேற மெதுவாகிடும், அதனால உள்ள போனது கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கும், மணிக்கணக்கா. தெளிஞ்சிட்டான்னு நெனைக்கிறப்போ திரும்ப ஏறும்.

இதெல்லாம் உடம்பு. மனசுக்கு வந்தா இன்னும் விசித்திரம். 1676-ல அமெரிக்காவுல வர்ஜீனியாவுல ஒரு கலகம் நடந்துச்சு, அதை அடக்க ஜேம்ஸ்டவுனுக்கு வந்த சிப்பாய்ங்க சில பேர் ஊமத்தையோட இளந்தழையைக் கீரைன்னு நெனைச்சு வேகவெச்சுத் தின்னுட்டாங்க. ராபர்ட் பெவர்லின்னு ஒருத்தர் 1705-ல எழுதின வரலாத்துல இது வருது. ஒரு ஆளு இறகை ஊதி ஊதி காத்துல பறக்க விட்டுக்கிட்டே இருந்தான், இன்னொருத்தன் வெறி புடிச்ச மாதிரி அந்த இறகு மேல வைக்கோலை எறிஞ்சுக்கிட்டே இருந்தான், ஒருத்தன் ஒட்டுத்துணி இல்லாம மூலையில குரங்கு மாதிரி உக்காந்து இளிச்சுக்கிட்டு இருந்தான், நாலாவது ஆளு கூட இருந்தவங்களையெல்லாம் முத்தம் குடுத்து தடவிக்கிட்டு இருந்தான். தங்களுக்குத் தாங்களே ஏதும் பண்ணிக்கக் கூடாதுன்னு அடைச்சு வெச்சாங்க, பார்த்துக்க ஆள் இல்லாட்டி அவங்க மலத்துலயே புரண்டிருப்பாங்கன்னு எழுதியிருக்காரு. 11 நாள் கழிச்சு தெளிஞ்சாங்க. நடந்தது எதுவுமே ஞாபகம் இல்ல. அந்த ஊர் பேரே திரிஞ்சுதான் இங்கிலீஷ்ல செடிக்கு ஜிம்சன் வீட்னு ஆச்சு. ஒரே பானையில தின்ன கீரை, வாய் காய்ஞ்சது எல்லாருக்கும் காய்ஞ்சிருக்கும், பாப்பா எல்லாருக்கும் விரிஞ்சிருக்கும், ஆனா கிறுக்கு மட்டும் ஆளாளுக்கு வேற.

(நம்ம பேரும் லேசுப்பட்டது இல்ல. ஊமத்தைங்கிற சொல்லே உன்மத்தத்துலேருந்து வந்ததுன்னு சொல்வாங்க. பேரிலேயே பைத்தியத்தை ஒட்டி வெச்சிட்டுப் போயிருக்காங்க, நாமதான் அதைக் கவனிக்காம கையுறை போடாம புடுங்குறோம்.)

சமீபத்துல நடந்ததும் இருக்கு. 2008-ல அமெரிக்காவுல மேரிலாண்ட்ல ஒரே குடும்பத்துல ஆறு பேர், வீட்டுத் தோட்டத்துல பறிச்ச இலையைப் போட்டு வெச்ச குழம்பைச் சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. சாப்பிடாம இருந்த சொந்தக்காரர் ஒருத்தர் வந்து பார்த்ததாலதான் விஷயமே வெளிய தெரிஞ்சது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது ரெண்டு பேருக்கு நினைவு இல்ல, மீதிப் பேர் முழிச்சிருந்தாங்க, ஆனா குழப்பம், இல்லாததெல்லாம் தெரியுது. ஆறு பேரும் பொழைச்சுக்கிட்டாங்க. 2019-ல உகாண்டாவுல நிவாரணமா கொடுத்த மாவுல இந்த விதை கலந்து நூத்துக்கணக்கான பேருக்கு நோவு வந்துச்சு, அதுல அஞ்சு பேர் பொழைக்கல.

இதுல எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் மறதிதான். வேற சில போதை வஸ்துல தெரியற மாயத்தோற்றத்தை, இது நிஜம் இல்லன்னு ஆளு ஓரளவுக்கு உணர்ந்துடுவான். ஊமத்தையில அது நடக்காது. அங்க இல்லாத ஆளுகிட்ட உக்காந்து நிதானமா பேசுவாங்க, இல்லாத சிகரெட்டைப் புடிச்சு இழுப்பாங்க, காத்துல நூல் பொறுக்குவாங்க. தெளிஞ்சப்புறம் கேட்டா ஒண்ணும் தெரியாது. அப்போ "எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சாப்பிட்டவனே சொல்ற சாட்சியை என்னன்னு எடுத்துக்கிறது?

இதையே மருத்துவமா ஒரு காலத்துல பண்ணியிருக்காங்க. 1906 வாக்குல ஜெர்மனியில ஃப்ரைபுர்க்ல காஸ், குரோனிக்னு ரெண்டு டாக்டருங்க பிரசவத்துக்கு மார்ஃபினோட ஸ்கோபாலமின் கொடுத்தாங்க. வலி முழுசா போகாது, வந்த வலி ஞாபகத்துல இருக்காது. கத்திக் கதறின அம்மாவே மறுநாள் ஒண்ணுமே வலிக்கலைன்னு சொல்லும். ஆனா எவ்வளவு கொடுத்தா மறக்கும்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறுது, சில பேர் தூங்குவாங்க, சில பேர் எந்திரிச்சு ரகளை பண்ணுவாங்க. அதனால காஸ் என்ன பண்ணினாருன்னா, ஒரு பொருளைக் காட்டுவாரு, கொஞ்ச நேரம் கழிச்சு இதைப் பார்த்திருக்கியான்னு கேப்பாரு, பார்த்த ஞாபகம் இருந்தா இன்னொரு ஊசி. டாக்டர் பக்கத்துல, சுத்தமான மருந்து, அளந்த அளவு, அப்பவே ஒவ்வொருத்தருக்கும் தனியா சோதிச்சுச் சோதிச்சுத்தான் கொடுக்க வேண்டியிருந்துச்சு. பந்தயத்துக்கு விதை மென்ன பையன் எந்த மூலைக்கு?

யாராவது தின்னுட்டாங்கன்னு தெரிஞ்சா "பார்ப்போம், அவனுக்கு ஒத்துக்குதா"ன்னு உக்காந்திருக்காதீங்க, வீட்டு வைத்தியம் பண்ணி வாந்தி எடுக்க வைக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி, செடியில ஒரு கிளையை கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும், பாப்பா மட்டும் ஒரு வாரம் கூட விரிஞ்சு நிக்கும். தேவைப்பட்டா ஃபைசோஸ்டிக்மின்னு முறிவு மருந்து இருக்கு. அதுவும் இன்னொரு விஷக் கொட்டையிலேருந்து எடுத்ததுதான், 1864-லயே பிராக் நகரத்துல அட்ரோபின் குடிச்ச கைதிகளுக்கு அந்தக் கொட்டைச் சாறைக் கொடுத்திருக்காங்க.

சரி, அக்கா. கருவிழி நல்ல கருப்பா இருந்தா அட்ரோபின் அந்த நிறமியில ஒட்டிக்கிட்டு மெதுவாத்தான் வேலை செய்யும்னு படிச்சேன், அவ கண்ணு என் கண்ணை விட கருப்பு, அதான் காரணம்னு நெனைச்சு பெருமையா அவகிட்ட விளக்கிக்கிட்டு இருந்தேன். அவ கேட்டுட்டு, "அது கெடக்கட்டும், எனக்கு கண்ணு டெஸ்ட் பண்ணணும்டா, அன்னைக்கு ரெண்டு மூணு நாளா கிட்டத்துல ஒண்ணுமே தெரியல, வெயில்ல கூசுச்சு, வெள்ளெழுத்து வந்துருச்சு போல, இப்ப பரவால்ல"ன்னா. எனக்குப் பேச்சே வரல. நான் வலது கண்ணை மட்டும்தான் கசக்கினேன். அவ ரெண்டு கையாலயும் மூஞ்சி முழுக்கத் தொடச்சா. ரெண்டு பாப்பாவும் ஒரே அளவுக்கு விரிஞ்சா கண்ணாடியில என்ன வித்தியாசம் தெரியும்?

சந்தேகத்துக்கு வாட்ஸ்அப்பைத் தொறந்து பின்னாடி போய்ப் பார்த்தேன். வாய்ஸ் நோட் அனுப்பினா என்னைத் திட்டுறவ அவ, எல்லாத்தையும் டைப் பண்ணித்தான் அனுப்புவா. களை புடுங்கினதுக்கு மறுநாள் அவகிட்டேருந்து எனக்கு வந்தது மூணு மெசேஜ். மூணும் வாய்ஸ் நோட்.