கதவுக்கு நீலம்

ஜூன் 2

அம்மாவுக்குச் சர்க்கரை 286. அதனால் கண்புரை ஆபரேஷன் இப்போது இல்லை. அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார்கள்.

ஜூன் 3

வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடித்து முடித்தாயிற்று. மூன்று கடை ஏறி இறங்கினேன். மொரோக்கோவில் செஃப்சாவென் என்று ஒரு மலையூர் இருக்கிறது. சுவர், படி, சந்து, பூந்தொட்டி எல்லாம் நீலம். நிறைய வீடுகளில் சுவரின் பாதி உயரம் வரை நீலம், அதற்கு மேல் வெள்ளை. அந்தப் படம் ஒன்றை வருஷக்கணக்காகப் போனில் வைத்திருந்தேன். கடைக்காரர் அதைப் பார்த்துப் பார்த்து, சொட்டுச் சொட்டாகக் கலந்து கொடுத்தார்.

அம்மா வாசலுக்கு வந்து, கதவுக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் நின்றாள்.

"நீலம்னுதானே சொன்ன மக்களே?"

"நீலம்தான் அம்மா."

"இது பச்சையாக்கும்."

நாற்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். ஜாக்கெட் துணியின் ஒரு துண்டைக் கையில் பிடித்தபடி, கடைப்பையன் எடுத்துப்போடும் நூல்கண்டை எல்லாம் "இது இல்ல, இது ஒரு பொடி கருப்பு கூட" என்று தள்ளிவிடுவாள். எனக்குத் தெரிந்த நிறமெல்லாம் அந்தக் கடையில் அவள் பக்கத்தில் நின்று கற்றதுதான்.

மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 5

பிரெஞ்சு ஓவியர் மோனே பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். 1912-ல் அவருக்குக் கண்புரை என்று சொல்லிவிட்டார்கள். பயந்து பயந்து 1923 வரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார். இடையில் வரைந்த தோட்டப் படங்களில் பாலமும் குளமும் துருவும் செங்கலுமாக எரிகின்றன. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. அந்த மஞ்சள் முதலில் விழுங்குவது நீலத்தைத்தான். அதனால் மோனே பெயிண்ட் ட்யூபில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தும், பலகையில் நிறங்களை எப்போதும் ஒரே வரிசையில் வைத்தும் சமாளித்திருக்கிறார்.

அம்மாவும் இப்போது நூல்கண்டை டப்பாவில் அது இருக்கும் இடத்தை வைத்துத்தான் எடுக்கிறாள். அது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. போன வாரம் தூசி தட்டுகிறேன் என்று டப்பாவைக் கலைத்தது நான். என் நீல சுடிதாரின் கிழிசலைச் சாம்பல் நூலில் தைத்து வைத்திருக்கிறாள். ஒரு தையல் கோணவில்லை.

ஜூன் 6

அம்மாவின் மெத்தைக்கு அடியில் மட்டி வாழைப்பழத் தோல். நான்கு பழம். கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

ஜூன் 9

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். திங்கட்கிழமை விடுமுறை என்பது மறந்தே போயிற்று. பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் தக்கலையில் ஒரு டீ குடித்துத் திரும்பினேன்.

ஜூன் 10

இன்று சித்தியை அம்மாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு மறுபடி போனேன். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனதிலிருந்து எத்தனை முறை வந்திருப்பேன், கணக்கே இல்லை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். இருப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரள அரசு. எல்லோரும் முதலில் பார்ப்பது தரையைத்தான். கறுத்து, முகம் தெரியும் தரை. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் போட்டது என்கிறார்கள்.

நான் போனது மந்திரசாலைக்கு, அரசர் ஆலோசனை நடத்திய கூடம். அங்கே ஜன்னலில் கண்ணாடி கிடையாது, காக்காப்பொன் என்கிற மைக்காத் தகடு. வெயிலின் சூட்டை வெளியே நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும், அதுவும் நிறமேற்றி, உள்ளே விடுகிறது. வெளியே சாரல், உள்ளே அரை இருட்டு. என் கையை அந்த வெளிச்சத்தில் நீட்டினேன். உள்ளங்கை தேன் நிறமாகியது. என் துப்பட்டாவின் நீலத்தைப் பக்கத்தில் பிடித்தேன். பாசி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அம்மாவுக்கு எல்லாம் இப்படித்தான் தெரிகிறதா? வாசல் கதவு, என் சுடிதார், கடல்?

ஈரானில் ஷிராஸ் நகரத்தில் நசீர் அல் முல்க் மசூதி இருக்கிறது. 1888-ல் கட்டி முடித்தது. காலை வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்து கம்பளத்தின் மேல் இன்னொரு கம்பளம் விரிக்கும். அதைப் பார்க்க விடியற்காலையில் போக வேண்டும் என்பார்கள். இங்கே எந்த நேரத்துக்குப் போனாலும் அந்த ஒளி அமைதியாக நிற்கிறது. நான் கண்ட வெளிச்சங்களில் இதற்குத்தான் முதலிடம். ஊர்ப்பாசம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

பின்னால் வந்த குடும்பம் நகரச் சொல்லும் வரை நின்றேன்.

ஜூன் 12

சர்க்கரை 214.

ஜூன் 14

முட்டம் துறைமுகம். மேற்குக் கரைக்குத் தடைக்காலம், ஜூன் 1 முதல் 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கிறது, பெயிண்ட் வாசனை காற்றை நிறைத்திருக்கிறது. பழைய நிறத்தைச் சுரண்டிய இடங்களில் ஒரே பலகையில் நான்கு வருஷத்து நிறம் அடுக்காகத் தெரிகிறது. மஞ்சளுக்குக் கீழே சிவப்பு, அதற்குக் கீழே ஒரு பச்சை, அடியில் மரம்.

ஒரு அண்ணன் நீலத்தில் வெள்ளையை ஊற்றிக் குச்சியால் கலக்கினார். பிரஷ்ஷின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் தொட்டு, நகத்தைச் சூரியனுக்கு நேரே காட்டிப் பார்த்தார். போதவில்லை. இன்னும் ஒரு மூடி வெள்ளை. மறுபடி நகம். பக்கத்திலேயே ஏன் மஞ்சள் பட்டை என்று கேட்டேன்.

"கடல்ல நிக்கும்ப கடலோட சேந்துடக் கூடாதுல்லா. அதுக்காக்கும் மஞ்சள்."

இத்தாலியில் புரானோ தீவின் வீடுகளைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள், பனிமூட்டத்தில் மீனவர்கள் தங்கள் வீட்டை அடையாளம் கண்டு வருவதற்காகத்தான் ஆளுக்கொரு நிறம் அடித்தார்கள் என்று. இன்றைக்கு அங்கே வீட்டுக்குப் பெயிண்ட் மாற்ற அனுமதி கேட்க வேண்டும்.

அப்புறம் அந்த வெள்ளை டப்பா. பெயிண்டில் வெள்ளை என்றால் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. அதை எடுப்பது இல்மனைட்டிலிருந்து. இல்மனைட் என்பது மணவாளக்குறிச்சியில் காலில் ஒட்டும் அதே கறுப்பு மணல். கறுப்பிலிருந்து வெள்ளை. அந்த மணலை அள்ளுவதில் கடற்கரை ஊர்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் எங்கள் கதவின் நீலத்தில் கலந்த வெள்ளை எந்தக் கரையிலிருந்து வந்ததோ என்று வீடு வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 15

போர்ச்சுகலில் லிஸ்பனுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தேன். அங்கே இருக்கும் பீங்கான் ஓடுகளின் அருங்காட்சியகம் எங்கேயும் போய்விடாது. 1509-ல் தொடங்கிய கன்னிமாடம் அது. 1755 பூகம்பத்துக்கு முந்தைய லிஸ்பன் முழுவதும் அங்கே நீலமும் வெள்ளையுமாக ஓட்டில் இருக்கிறது, 23 மீட்டர் நீளத்துக்கு. பூகம்பத்தையே தாண்டி வந்த நீலம். எனக்காகக் காத்திருக்கும்.

அழுதேன். அம்மாவுக்குத் தெரியாது.

ஜூன் 17

நாலரை மணிக்கு ஆட்டோவில் தோவாளை. அம்மாவும் வருவேன் என்றாள். மின்விளக்கு வெளிச்சத்தில் கேந்தி, வாடாமல்லி, செவ்வந்தி, கொழுந்து என்று குவியல் குவியலாகக் கிடந்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மூக்கால் நடந்தாள். "இந்தால பிச்சி. அங்க துளசி. இது நேத்தைய மல்லி, வாங்காத." ஒன்றுகூடத் தப்பவில்லை.

மாணிக்க மாலை கட்டுபவரின் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. மூன்றே நிறம். அரளியை விரலால் தட்டையாக மடித்து, நாரில் பின்னி, இடையிடையே இலையைச் செருகுகிறார். மாலை உருளையாக வராது, பாய் மாதிரி விரிகிறது. சிவப்பு மடிப்புகள் பட்டை தீட்டிய கல் மாதிரி வரிசையாக எழும்புகின்றன. எழுதி வைத்த கட்டம் எதுவும் இல்லை, எல்லாம் விரலில் இருக்கிறது. நான் கம்ப்யூட்டரில் ஒரு வாரம் போட்டுத் திணறும் கட்டக் கணக்கு அது.

அம்மா மாலையைத் தடவிப் பார்த்தாள். "நல்ல இழை" என்றாள். துணிக்குச் சொல்லும் வார்த்தை.

ஜூன் 18

காலையில் அம்மா கோலம் போட்டிருந்தாள். புள்ளியெல்லாம் சரியான இடத்தில். ஒரே ஒரு வளைவு மட்டும் மூடாமல் நின்றது. நான் கை வைக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் எஸ்தர் மஹ்லாங்கு அம்மையார் இருக்கிறார், 1935-ல் பிறந்தவர். அம்மாவிடமும் பாட்டியிடமும் பத்து வயதில் சுவர் வரையக் கற்றார். ஸ்கேல் இல்லை, கோழி இறகுதான் பிரஷ். 1991-ல் பிஎம்டபிள்யூ காருக்கே அதே இறகால் வரைந்தார். அவர் கோடு இழுக்கும் வீடியோவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கை நடுங்கல்ல பாத்தியா" என்றாள். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 20

சர்க்கரை 168. திங்கட்கிழமை ஆபரேஷன். வலது கண்.

ஜூன் 22

தூக்கம் இல்லை. மோனேக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு எல்லாம் மிஞ்சிய நீலமாகத் தெரிந்ததாம். நிறக் கண்ணாடி போட்டுப் பழக வேண்டியிருந்தது. இன்னொரு கண்ணைத் தொடவே விடவில்லை. 1926-ல் இறக்கும் வரை ஒரு கண் ஒரு உலகம், மறு கண் வேறு உலகம். அன்றைக்குப் பழைய லென்ஸை எடுத்துவிடுவார்கள், அந்த இடத்தில் வைக்க எதுவும் கிடையாது. ஹரோல்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் 1949-ல் லண்டனில்தான் முதல் செயற்கை லென்ஸை வைத்தார். போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் ஏற்றுக்கொண்டதைக் கவனித்ததால் வந்த யோசனை.

இதையெல்லாம் படித்து எனக்கு என்ன ஆகப் போகிறது? சர்க்கரை இன்று இரவு ஏறக் கூடாது. அவ்வளவுதான்.

ஜூன் 23

முடிந்தது. பத்து இருபது நிமிஷம்கூட இருக்காது. வாசலில் நின்ற எனக்குத்தான் அது ஒரு நாள்.

ஜூன் 24

கட்டுப் பிரித்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"உனக்க முகத்துல எப்பம் இவ்வளவு மங்கு வந்து?"

நர்ஸ் சிரித்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். அதனால் வீட்டுக்கு வந்தபோது கதவைப் பார்த்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கப் பயந்து நானும் கேட்கவில்லை.

இரவு சொட்டு மருந்துக்காகக் கண்ணாடியைக் கழற்றியவள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் எழுந்துபோய் உள்பக்கத்திலிருந்து கதவைத் திறந்து பார்த்தாள். புதுக் கண்ணைக் கையால் மறைத்தாள். "பச்சை." கையை மாற்றினாள். "நீலம்." மறுபடி மாற்றினாள். எத்தனை தடவை என்று தெரியாது.

பிறகு சொன்னாள்: "நீலம்தான். ஆனா வெள்ளை கூடிப்போச்சு."

ஜூன் 25

நூல் டப்பாவைத் தரையில் கவிழ்த்துவிட்டாள். குனியக் கூடாது என்பதால் கட்டிலில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக என்னை எடுத்துத் தரச் சொல்லி, வலது கண்ணில் பார்ப்பாள், இடது கண்ணில் பார்ப்பாள். வெள்ளை நூல் இடது கண்ணுக்கு டீயில் தோய்த்த வேட்டி மாதிரி இருக்கிறதாம். "இவ்வளவு நாளும் இதையா வெள்ளைன்னு தச்சேன்" என்று இரண்டு முறை சொன்னாள். யார் யாருக்குத் தைத்தாள் என்று பெயர் பெயராக நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள்.

சுடிதாரைக் கேட்டாள். ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 27

சொட்டு மருந்து ஆறு வேளை. சர்க்கரை 190. இடது கண்ணுக்குத் தேதி எப்போது என்று அவளே கேட்கிறாள்.

ஜூன் 28

சுடிதாரைக் கண்டுபிடித்துவிட்டாள். சாம்பல் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணுக்கு ஆகாது என்றால் கேட்கவில்லை. நீல நூலில் மூன்று கண்டு எடுத்து வைத்திருக்கிறாள், எது என்று நான் சொல்ல வேண்டுமாம். கூப்பிடுகிறாள்