ஓய்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஓராண்டு ஊழியம்: நாங்கள் போன வழி

தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னாருக்கு 30 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். சில நாட்களில் அங்கே போய் நின்றால் கைப்பேசியில் இலங்கை சிக்னல் வந்து ஒட்டிக்கொள்ளும். நான் சின்ன வயதில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவள். மண்டபத்தில் குடியிருக்கும் எங்களுக்கு அது வெளிநாடு என்று உறைத்ததே, பாஸ்போர்ட்டுக்காக மதுரைக்கு நடந்தபோதுதான்.

இவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இரண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது, பிள்ளைகளும் அவரவர் வழியில் போய்விட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சபை ஒன்றுக்கு ஓராண்டு ஊழியத்துக்கு வயதான தம்பதி யாராவது போகலாமே என்று ஆயர் கேட்டார். தென்னிந்தியத் திருச்சபைக்கு யாழ்ப்பாணத்திலும் ஒரு திருமண்டலம் (பேராயரின் கீழ் வரும் பகுதி) உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அமெரிக்க மிஷனரிகள் 1816-ல் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1834-ல் அங்கிருந்து கிளம்பி வந்தவர்கள் தொடங்கியதுதான் மதுரை மிஷன். "அவங்க வந்தாங்க, இப்ப நாம திரும்பிப் போறோம்" என்றார் ஆயர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1834-ல் அவர்களிடம் யாரும் போலீஸ் சான்று கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது என் பெயர். பள்ளிச் சான்றிதழில் ஞானஸ்நானப் பெயரும் அப்பாவின் இனிஷியலும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பாஸ்போர்ட்டில் அதே பெயர் வேறு எழுத்தில். போதாததற்கு, இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் துணைவர் பெயர் இல்லை. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம், காகிதத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் யாரோ. எங்கள் சபைக் கோயிலில் நடந்த கல்யாணம், ஆகவே திருமணப் பதிவேட்டின் நகல் வாங்க வேண்டும். கோயில் பணியாளரான கோயில்பிள்ளை பீரோவுக்கு அடியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து தட்டினார். ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது, நல்லவேளை எங்கள் பக்கத்தை விட்டுவைத்திருந்தது. நீல மையில் சாய்வாக என் கையெழுத்து. அதன் கீழே சாட்சிக்கு என் தாய்மாமா. கையெழுத்துப் போடத் தெரியாதவர், கட்டைவிரல் ரேகை வைத்திருந்தார், ரேகை ஒவ்வொன்றும் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆயர் நகலில் முத்திரை வைக்கிற வரைக்கும் இவர் அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்த நகலைக் காட்டித்தான் இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் திருத்தி மறுபடி வாங்கினோம். எங்கள் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. விசாவுக்கு வேண்டிய போலீஸ் சான்றையும் பாஸ்போர்ட் அலுவலகமே தருகிறது, அது பாஸ்போர்ட் எண்ணின் பேரில் வரும். ஆகவே முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள், அப்புறம் சான்றுக்குப் போங்கள். பழைய எண்ணுக்குச் சான்று வாங்கிவிட்டுப் பாஸ்போர்ட்டை மாற்றினால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் சின்னப் பையன். இந்தக் கரையில் இலங்கை என்று சொன்னாலே அவர்களுக்குக் காது நிமிரும். கடல் அட்டை, மஞ்சள், பீடி இலை என்று படகில் போகிற சமாச்சாரங்கள் அப்படி. "அங்க என்ன வேலைக்கும்மா போறீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "வயசானவங்களோட உட்கார்ந்து பேசப் போறோம்" என்றார். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்க இல்லாத வயசானவங்களா?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். நியாயமான கேள்வி. இன்றுவரை அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

அங்குள்ள திருச்சபை எங்களுக்காகக் கொழும்பில் விண்ணப்பித்தது. கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தின் (அரசுத் துறையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) பரிந்துரை கிடைத்து, நுழைவு விசா வந்தது. தங்க வீடு அவர்கள் கொடுத்தார்கள், சாப்பாடு எங்கள் பென்ஷனில். பயணக் காப்பீட்டுக்கு நாங்கள் கேட்ட நிறுவனம் இவருடைய சர்க்கரையையும் என் ரத்த அழுத்தத்தையும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பணம் தருவதாகச் சொன்னது. எங்களுக்கு வேறு வியாதியே கிடையாது. இருந்தாலும் அதையும் வாங்கினோம்.

என்னென்ன கொண்டுபோவது என்று மண்டபம் இலங்கை அகதிகள் கேம்ப்பில் எனக்குப் பழக்கமான ஓர் அக்காவிடம் கேட்டேன். அவர் 1990-ல் படகில் வந்தவர். புளி, கருவாடு, வடகம் என்று நான் வாசித்த பட்டியலைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அங்க எல்லாம் இருக்கு. நீங்கள் மாத்திரையைக் கொண்டு போங்கோ" என்றார்.

எங்கள் மாமனார் காலத்தில் போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், கொழும்பு. ஒரே டிக்கெட். 1964 புயலில் தனுஷ்கோடி போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984-ல் நின்றது. இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் உண்டு, ஆனால் விசா வேலை கொழும்பில் இருந்ததால் மதுரையிலிருந்து விமானம். ஒரு மணி நேரம்கூட முழுசாக ஆகவில்லை.

கொழும்பில் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே. காசநோய், மலேரியா, யானைக்கால் எல்லாம் பார்க்கிறார்கள். இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் அறிவித்தது, ஆகவே நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் விஷயத்தில் கவனமாகத்தான் இருப்பார்கள். பத்தரமுல்லையில் இருக்கிற குடிவரவுத் திணைக்களத்தில் வசிப்பிட விசா. சபை ஆள் ஒருவர் கூடவே இருந்தார். சிங்களம் தெரியாமல் தனியாகப் போயிருந்தால் திணறியிருப்போம்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில். போரில் பிடுங்கிப் போட்ட அந்தப் பாதையை இந்தியக் கடனுதவியில் நம் இர்கான் நிறுவனம் திரும்பப் போட்டது, 2014-ல் வண்டி யாழ்ப்பாணம் வரை வந்தது. இவர் வழி நெடுக ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு ஸ்லீப்பர், சிக்னல் என்று விளக்கிக்கொண்டே வந்தார். நான் பாதியில் தூங்கிவிட்டேன்.

மானிப்பாய்ப் பக்கம் வீடு. காலையில் ஒரே மெட்டை வாசித்தபடி பாண் (ரொட்டி) விற்கிற ஆட்டோ தெருவில் வரும், இவர் வாசலில் நிற்பார். ஏழரைக்கு வெயில் ஏறுமுன் நான் குடையோடு கிளம்பிவிடுவேன். எங்கள் ஊழியம் பெரும்பாலும் வீடு சந்திப்புதான், பிரசங்கம் சொற்பம். பெரிய பெரிய வீடுகள். உள்ளே ஒரு பாட்டி, இல்லாவிட்டால் ஒரு தாத்தா. பிள்ளைகள் கனடாவில், லண்டனில், நோர்வேயில். வாசலில் தலை தெரிந்தாலே "வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறியளோ" என்று கூப்பிடுவார்கள். எண்பதைத் தாண்டிய ஓர் அம்மாவுக்கு நான் தினமும் பேப்பர் வாசிக்க வேண்டும். தலைப்புச் செய்தி வேண்டாம், மரண அறிவித்தல் பக்கம்தான். "மானிப்பாயைப் பிறப்பிடமாகவும் கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட..." என்று ஆரம்பித்தாலே நிறுத்தச் சொல்லி, யார், யாருடைய மகள், எந்த ஒழுங்கை (சந்து) என்று கண்டுபிடித்துவிடுவார். பிறகு அந்தக் குடும்பத்துக்காக ஜெபம் பண்ணச் சொல்வார். அந்தப் பக்கம் முடிய ஒரு மணி நேரமாகும். இவருக்கு வேறு வேலை: பாட்டிகளின் கைப்பேசியில் வாட்ஸ்அப் வீடியோ பிடித்துக் கொடுப்பது, கிணற்று மோட்டார் பார்ப்பது, சபைக் கணக்கு எழுதுவது. வாலிபர்களை அனுப்பினால் கூட்டம் போட்டிருப்பார்கள். இந்த வேலைக்கு எங்களைப் போல அவசரமில்லாத ஆட்கள்தான் சரி.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. இடியப்பம், சொதி, சம்பல். மீனும் நாம் தின்கிற பாக் நீரிணை மீன்தான், சீலாவும் நண்டும் கணவாயும். அந்த மீன்தான் சங்கடத்தையும் கொண்டுவந்தது.

கரையோரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். ராமேஸ்வரம் பக்கம் என்று சொன்னதும் அந்த வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய், கிழிந்த வலையை அள்ளிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டார். "அன்ரி, உங்கட ஆக்கள் இரவில வந்து எங்கட வலையளை அறுத்துப்போட்டுப் போறாங்கள்." அவர் சொன்னதில் பொய் இல்லை. மடிவலை கட்டி இழுக்கிற விசைப்படகு எப்படி வாரும் என்று எங்களுக்கும் தெரியும். இலங்கை அந்த இழுவை முறையை 2017-ல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் வராது. "அந்த ரெண்டு மாசந்தான் எங்களுக்கு நத்தார்" என்றார். நத்தார் என்றால் கிறிஸ்துமஸ். அதே வாரம் தங்கச்சிமடத்திலிருந்து சொந்தக்காரர் போன்: மகனை இலங்கை நேவி பிடித்துவிட்டது, யாழ்ப்பாணத்தில்தானே இருக்கிறீர்கள், போய்ப் பாருங்கள். நாங்கள் இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னோம், அவ்வளவுதான் முடிந்தது. ஒரு வீட்டில் அறுந்த வலை, இன்னொரு வீட்டில் சிறைக்குப் போன பிள்ளை. இரண்டு வீட்டுக்கும் அந்த வாரம் ஒரே ஜெபத்தைத்தான் செய்தோம், வேறு வார்த்தை வரவில்லை.

நவம்பரில் இவர் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று. அதை அந்தத் துணைத் தூதரகத்திலேயே முடித்தோம். பாஸ்போர்ட், பென்ஷன் புத்தகம் இரண்டும் கொண்டுபோனால் போதும்.

இப்போது எங்கள் சபையில் இன்னும் இரண்டு தம்பதிகள் விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: திருமணப் பதிவேட்டு நகலை இன்றைக்கே வாங்கி வையுங்கள். முழங்கால் வலி இருந்தால் தரையில் உட்கார வேண்டாம், நாற்காலி கேளுங்கள், தருவார்கள். டாக்டரிடம் மருந்துச் சீட்டு வாங்கும்போது கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கே கம்பெனிகள் வேறு, நம் அட்டையைக் காட்டினால் பார்மசியில் கையை விரிப்பார்கள்.