கருவியை எடுத்துவிட்ட பிறகு என்ன மிஞ்சுகிறது?

கல்வியில் செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆய்வுக்கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். ஒரு கட்டுரை கைக்குக் கிடைத்ததும், சுருக்கத்தைத் தாண்டி, அளவீடு எப்போது எடுக்கப்பட்டது என்ற பகுதிக்கு நேராகப் போவது இப்போது என் பழக்கமாகிவிட்டது. மாணவர் கருவியோடு அமர்ந்திருந்தபோது எடுத்த மதிப்பெண்ணா, கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தனியாக எழுதச்சொன்னபோது எடுத்த மதிப்பெண்ணா என்பது தெரியாதவரை, ‘கற்றல் மேம்பட்டது’ என்ற வாக்கியத்துக்கு என்னால் எந்தப் பொருளும் கொடுக்க முடிவதில்லை.

இந்த வேறுபாட்டைத் துலக்கமாகக் காட்டும் ஓர் ஆய்வு, துருக்கியின் உயர்நிலைப் பள்ளிக் கணித வகுப்புகளில் ஏறத்தாழ 1,000 மாணவர்களைக் கொண்டு ஹம்ஸா பஸ்தானியும் அவருடைய குழுவினரும் நடத்தி, 2025-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டது. சாட்ஜிபிடி போன்ற சாதாரண உரையாடல் பெட்டியைப் பெற்ற மாணவர்கள், கருவி இல்லாதவர்களைவிடப் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆசிரியர்களின் உதவியோடு எழுதப்பட்ட குறிப்புகளை மட்டும் தந்து, விடையைச் சொல்லாதபடி அமைக்கப்பட்ட வடிவத்தைப் பெற்றவர்கள் 127 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். பிறகு எந்தக் கருவியும் இல்லாமல் தேர்வு வைத்தபோது, முதல் பிரிவினர் கருவியையே தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். இரண்டாம் பிரிவினரிடம் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை, ஆனால் சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றமும் இல்லை. 17 சதவீதச் சரிவைப் பற்றியே பலரும் பேசினார்கள். 127 சதவீதம் என்ற பயிற்சி வெற்றி தேர்வறையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனதுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதை முதல் பிரிவு மாணவர்கள் உணரவுமில்லை.

இது சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் இன்றைய மொழி மாதிரிகளோடு வந்த சிக்கல் அன்று. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான கணிதப் பயிற்சி மென்பொருள்களைப் பள்ளி மாணவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ரையன் பேக்கர் என்ற ஆய்வாளர் 2004-இல் ஆராய்ந்தார். பார்வையாளர்கள் வகுப்பறையில் நின்றுகொண்டு, எந்த மாணவரையும் நேராக உற்றுநோக்காமல், கடைக்கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். யாரைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மாணவரின் நடத்தை மாறிவிடும் அல்லவா? அந்த மென்பொருளில் குறிப்புப் பொத்தானை அழுத்த அழுத்தக் குறிப்புகள் மேலும் மேலும் வெளிப்படையாகிக்கொண்டே போகும். கடைசிக் குறிப்பு ஏறத்தாழ விடையாகவே இருக்கும். சில மாணவர்கள் இடையில் வருபவை எதையும் படிக்காமல், பொத்தானை விறுவிறுவென்று அழுத்தி, கடைசியில் வந்ததை அப்படியே கட்டத்தில் தட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார்கள். பக்கத்தில் இருப்பவரோடு அரட்டையடிப்பதையும் மேசையில் சாய்ந்து தூங்குவதையும் காட்டிலும் இந்தச் சாமர்த்தியமே குறைந்த கற்றலோடு வலுவாகத் தொடர்புடையதாக இருந்தது. தூங்குகிறவரை ஆசிரியர் எழுப்பிவிடுவார்; திரையில் சரியான விடைகளாகவே நிரப்பிக்கொண்டு போகிறவரை யார் கவனிப்பார்கள்?

எவ்வளவு உதவுவது, எப்போது நிறுத்திக்கொள்வது என்ற இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் கென்னத் கோடிங்கரும் வின்சென்ட் அலெவனும் 2007-இல் உதவியின் இக்கட்டு என்று பெயரிட்டு விரிவாக எழுதினார்கள். குறைவாக உதவினால் மாணவர் முட்டிமோதி நேரத்தை வீணாக்குவார். மிகையாக உதவினால் சிந்திக்கவேண்டிய பகுதியைக் கருவியே செய்துமுடித்துவிடும். இரண்டுக்கும் இடையிலான புள்ளி எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை, ஒரே மாணவருக்கும் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதால், இதற்குப் பொதுவான சூத்திரம் எதையும் யாரும் இதுவரை தந்துவிடவில்லை.

ஆனால் கல்வியில் செயற்கை நுண்ணறிவை வரவேற்கும் ஆர்வலர்களின் பேச்சில் இந்த இக்கட்டு வருவதில்லை. கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமின் 1984-ஆம் ஆண்டுக் கட்டுரைதான் வருகிறது. தனிப்பயிற்சி பெற்ற மாணவர் சாதாரண வகுப்பு மாணவரைவிட இரண்டு திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) மேலே இருப்பார் என்பது அதன் புகழ்பெற்ற கூற்று. ஆய்வாளர் கர்ட் வான்லேன் 2011-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மனிதத் தனிப்பயிற்சியின் பயன் சுமார் 0.79 திட்டவிலக்கம் என்றும், கணக்கின் ஒவ்வொரு படியையும் கவனித்துத் திருத்தும் மென்பொருளின் பயன் 0.76 என்றும் கண்டார். இறுதி விடையை மட்டும் சரி, தவறு என்று சொல்லும் மென்பொருளுக்கு 0.31-தான் கிடைத்தது. இரண்டு என்ற எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள் இந்தத் திருத்தத்தைச் சொல்லாமல் விடுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

கணினி, தொலைக்காட்சி போன்று பாடத்தைக் கொண்டுவரும் ஊடகமே கற்பிக்கிறதா என்ற சர்ச்சை இதைவிடப் பழையது. மளிகைப் பொருளைக் கொண்டுவரும் லாரி நம் உடலுக்கு ஊட்டம் தருவதில்லை, அதுபோல ஊடகமும் பாடத்தைச் சுமந்துவருகிறதே தவிரக் கற்றலை மாற்றுவதில்லை என்று கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் எழுதினார். ஊடகத்தின் இயல்புகள் கற்பவரின் சிந்தனையோடு எப்படி வினைபுரிகின்றன என்பதையே ஆராயவேண்டும் என்று மற்றொரு ஆய்வாளர் ராபர்ட் கோஸ்மா எதிர்வாதம் செய்தார். துருக்கி ஆய்வில் மாணவர்கள் பயன்படுத்திய இரண்டு வடிவங்களுக்குள்ளும் இயங்கியது ஒரே ஜிபிடி-4 மொழி மாதிரிதான். அதற்குக் கொடுக்கப்பட்ட அறிவுறுத்தல்களே வேறு. அந்த அளவுக்குக் கிளார்க்கின் பக்கமே நியாயம் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கார்னகி மெலனின் இயற்கணிதப் பயிற்சி மென்பொருளைப் பல மாநிலப் பள்ளிகளில் சோதித்த ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் பெரிய ஆய்வில், முதல் ஆண்டில் பயன் எதுவும் தென்படவில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் ஆண்டில்தான் சுமார் 0.2 திட்டவிலக்க முன்னேற்றம் தெரிந்தது. இன்றைய மாதிரிகளில் பல, இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டுவிடுகின்றன. எனவே மாதிரியின் பெயரையும் பதிப்பையும் மட்டும் குறிப்பிட்டு முடிவை அறிவிக்கும் கட்டுரைகளை நான் ஒதுக்கிவைத்துவிடுகிறேன்; மாணவருக்கு எந்த இடத்தில் எந்தக் குறிப்பு காட்டப்பட்டது என்ற பதிவையும், அறிவுறுத்தல்களின் முழு உரையையும் இணைத்திருந்தால், மாதிரி மறைந்துபோன பிறகும் வேறொருவர் அதே சோதனையை இன்னொன்றைக் கொண்டு நடத்திப் பார்க்கமுடியும்.