யோபுவின் கதையைக் கேட்டவர்: உதயகிரியிலிருந்து காற்றாடிமலை வரை

கிறிஸ்தவ விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட புனித தேவசகாயத்தின் தலங்களைத் தரிசிக்கக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருவோர் பலரும், அவர் இறந்த காற்றாடிமலைக்கே நேராகச் சென்றுவிடுகிறார்கள். நான் தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டையிலிருந்து என் பயணத்தைத் தொடங்கினேன். அவர் உயிர் நீத்த இடத்தைக் காண்பதற்கு முன், அவருடைய துயரக் காலத்தில் அருகில் அமர்ந்து ஆறுதல் சொன்ன மனிதரின் கல்லறை முன் நிற்க வேண்டும் என்று மனம் விரும்பியது.

அந்த ஆண்டு எங்கள் குடும்பத்துக்கு இழப்பின் ஆண்டாக இருந்தது. அண்ணன் எதிர்பாராமல் இறந்துபோனார். அவர் உழைப்பால் நடந்த கடையை மூடினோம். கடனை அடைப்பதற்காக அம்மா வாழ்ந்த வீட்டையும் விற்றோம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பலரிடமும் ஒரு காரணம் இருந்தது. ஏதோ ஒரு நேர்ச்சை பாக்கி இருக்கிறது என்றார் ஒருவர். முன்னோர் செய்த பாவம் என்றார் மற்றொருவர். செபம் போதவில்லை என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. அன்போடு சொன்னவைதாம் அவை. ஆனாலும் ஒவ்வொரு விளக்கத்திற்குப் பிறகும் என் செபம் மேலும் வறண்டது. செபமாலையை எடுத்தால் விரல்கள் மணிகளை நகர்த்தும். மனமோ எங்கே தவறியது, யார் காரணம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உதயகிரிக் கோட்டைக்குள், கூரை இழந்த ஒரு சிற்றாலயத்தின் சுவர்களுக்கு நடுவே அந்த மனிதரான டிலனாயின் கல்லறை இருக்கிறது. கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. டச்சுப் படையோடு வந்த இவர், 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் சிறைப்பட்டார். பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளிக்கும் தளபதியாகி, சொந்த நாட்டுக்குத் திரும்பாமலே 1777-இல் இம்மண்ணில் அடங்கினார். நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை அவருக்கு நண்பரானார். கால்நடைகள் மடிந்தும் பயிர்கள் அழிந்தும் குடும்பத்தில் இழப்பு தொடர்ந்த நாள்களில், நண்பரின் முகவாட்டத்தைக் கண்ட டிலனாய் விவிலியத்திலிருந்து யோபுவின் கதையை எடுத்துச் சொன்னார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இந்த நிகழ்ச்சி சிறு வயதிலிருந்தே நான் கேட்டதுதான். ஆனால் அக்கல்லறை முன் நின்றபோதுதான், அதைச் சொன்னவரின் நிலையை எண்ணிப் பார்த்தேன். நாட்டையும் படையையும் விடுதலையையும் இழந்த ஒருவர், மாடுகளையும் விளைச்சலையும் இழந்த ஒருவரிடம் பேசினார். அவர் காரணம் சொல்லவில்லை, பரிகாரமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் கதையைச் சொன்னார். "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார். ஆண்டவரது பெயர் போற்றப்பெறுக!" என்ற யோபுவின் சொற்களைத் தம் வாழ்விலிருந்தே உணர்ந்தவர் சொன்னதால்தான், அவை நீலகண்டரின் உள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ என்ற பெயரோடு திருமறையில் சேர்ந்தார்.

அதன் பிறகு அவருக்கு வசதியான வாழ்வு கிடைக்கவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விசுவாசம் வந்ததும் துன்பம் விலகிவிடும் என்று நம்மிடம் சொல்பவர்களுக்குத் தேவசகாயத்தின் வாழ்க்கை பிடி கொடுக்காது. சாதி வேறுபாடின்றி எல்லாரோடும் பழகிய அவர்மீது பகை வளர்ந்தது. 1749-இல் கைது செய்யப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக ஊர்வலம் விட்டதையும், அடித்த காயங்களில் மிளகாய்த் தூளைத் தேய்த்ததையும், பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டி வைத்ததையும் இப்பகுதி மக்கள் இன்றும் கண்ணீரோடு சொல்கிறார்கள். தாகத்தில் தவித்த அவர் முழங்கையால் பாறையை இடித்தபோது நீர் சுரந்ததாக நம்பப்படும் முட்டிடிச்சான்பாறை, கோட்டைக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே சிறிது நேரம் செபித்துவிட்டுப் பெருவிளை வழியாகக் கோட்டாறு சென்றேன்.

கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில்தான் அவருடைய உடலின் எஞ்சிய பகுதிகள் பீடத்திற்கு முன்பாக அடக்கம் செய்யப்பட்டன. அக்கல்லறை அருகே முழந்தாளிட்டபோது என் நினைவு முழுவதும் ஞானப்பூ அம்மாளைச் சுற்றியே இருந்தது. கணவரைப் பறிகொடுத்த பின் அவர் வடக்கன்குளத்தில் தங்கி, அங்கேயே இறந்து அடக்கமானார் என்பது மரபு. மறைசாட்சிக்குத் திருநாள் உண்டு, திருவுருவம் உண்டு, தேர் உண்டு. அவருக்குப் பின் வீட்டையும் உறவையும் இழந்து ஒவ்வொரு காலையும் எழுந்து அடுப்பு மூட்டிய அந்தப் பெண்ணின் விசுவாசத்தைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. அண்ணனை இழந்த அண்ணியும் அன்று என்னோடு வந்திருந்தார். அவருக்காக நான் ஞானப்பூ அம்மாளிடமே வேண்டிக்கொண்டேன்.

ஆரல்வாய்மொழியை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மலைகளுக்கு இடையேயுள்ள கணவாய் என்பதால் அங்கே காற்றுக்குக் குறைவில்லை. சுற்றுவட்டாரம் முழுவதும் காற்றாலைகள் சுழல்கின்றன. வியாகுல அன்னை ஆலயத்தில் வணங்கிவிட்டுக் காற்றாடிமலையின் பாறைகளின்மேல் ஏறினோம். 1752 சனவரி 14 அன்று இரவு இங்கேதான் தேவசகாயம் கொண்டுவரப்பட்டார். செபிக்கச் சற்று நேரம் கேட்டு முழந்தாளிட்டார் என்றும், அந்த முழங்கால்களின் சுவடு பாறையில் பதிந்திருக்கிறது என்றும் மக்கள் நம்பித் தொட்டு வணங்குகிறார்கள். பின்னர் துப்பாக்கிக் குண்டுகள் அவர் உயிரைப் பறித்தன. கல்லால் தட்டினால் மணியோசை எழுப்பும் பாறையையும் பக்தர்கள் வரிசையாகத் தட்டிப் பார்க்கிறார்கள், அண்ணியும் தட்டினார்.

நான் சற்று விலகி அமர்ந்து யோபு நூலின் 38-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். சூறாவளியின் நடுவிலிருந்து ஆண்டவர் யோபுவிடம் பேசும் பகுதி அது. அதற்கு முந்தைய பல அதிகாரங்களில் யோபு அழுது, வாதாடி, ஏன் ஏன் என்று கேட்ட பிறகும், ஆண்டவர் அந்தக் கேள்விக்கு விடை தரவில்லை. உலகிற்கு அடித்தளம் இட்டதையும், கடலுக்கு எல்லை வகுத்ததையும், காகக் குஞ்சுகளுக்கு இரை அளிப்பதையும் பற்றிப் பேசுகிறார். இறுதியில், காரணங்களை அடுக்கிய நண்பர்களைக் கடிந்துகொண்டு, தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுவே என்கிறார். முகத்துக்கு நேராக முறையிட்டவனையே ஆண்டவர் தம் ஊழியன் என்று அழைத்தார். பக்கங்களைக் காற்று புரட்டாமலிருக்க உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தேன். படிக்கப் படிக்க அழுகை வந்தது. அண்ணனின் அடக்கத்தன்றுகூட நான் அப்படி அழுததில்லை.

என்னருகே ஒரு மூதாட்டி வந்து உட்கார்ந்தார். எந்த ஊர், என்ன கவலை என்று எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, "அழு மக்களே, சாமி கேட்டுக்கிட்டுதான் இருக்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தம் செபமாலையைத் தொடர்ந்தார். யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள் என்று அந்நூலின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. அவர்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்தது அந்த மௌனம் என்று எனக்குத் தோன்றியது. நானும் அந்த மூதாட்டியோடு சேர்ந்து செபமாலை சொல்லத் தொடங்கினேன். அப்போது கடன் கண்முன் வரவில்லை. யார் காரணம் என்ற கேள்வியும் எழவில்லை. ஆண்டவர் என் வார்த்தைகளைக் கேட்கிறார் என்ற உறுதி நெஞ்சில் இருந்தது.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் அவ்வாறு உயர்த்தப்பட்ட முதல்வர் அவரே. திருநாளான சனவரி 14-ஐ ஒட்டிக் காற்றாடிமலையில் கூட்டம் மிகுதியாக இருக்கும். அமைதியாகச் செபிக்க விரும்புவோர் வேறு நாளில், வெயில் ஏறுவதற்கு முன்போ மாலையிலோ செல்வது நல்லது. உதயகிரி, பெருவிளை, கோட்டாறு, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கையும் ஒரே நாளில் தரிசித்துவிடலாம். துக்கத்தில் இருக்கும் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதானால், வழியில் அவருக்கு எதையும் விளக்க முயலாமல், யோபு நூலை மட்டும் கையில் கொடுங்கள்.