சீலிங்குக்கு மேலே

ஆபீஸ்களுக்கு ஜிப்சம் போர்டு மாட்டுவதுதான் என் வேலை. பத்து வருஷமாகியும் அம்மா ஊரில் "அட்டைச் சுவர் கட்டுறான்" என்றுதான் சொல்கிறாள்.

அட்டைதான், ரெண்டு தாளுக்கு நடுவே ஜிப்சம். ஆனால் அந்த ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், உள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. தீப்பிடித்தால் அது ஆவியாகித் தீரும்வரை மறுபக்கம் சூடு பெரிதாக ஏறாது. ஃபயர் போர்டில் கண்ணாடி இழையும் உண்டு. தண்ணீர் போன பிறகும் சட்டென்று உதிராது.

போன நவம்பரில் ஓ.எம்.ஆரில் ஒரு ஆபீஸ். எலெக்ட்ரிக்கல் ரூமுக்கு 2 மணி நேரம் தீ தாங்கும் சுவர். பக்கத்துக்கு ரெண்டு அடுக்கு, 15 மி.மீ. போர்டு. அடி அடுக்கின் ஜாயின்ட் மேல் அடுத்த அடுக்கின் ஜாயின்ட் வரக் கூடாது. ஸ்க்ரூ தலை தாளில் லேசாகக் குழி விழப் பதிய வேண்டும். தாளைக் கிழித்துவிட்டால் அந்த ஸ்க்ரூ இருந்தும் இல்லாத கணக்கு. புதுப் பையன்களுக்கு இதைக் கையைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும்.

சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நிற்கக் கூடாது, மேலே கான்கிரீட்டைத் தொட வேண்டும். "அதான் சீலிங் மறைக்குதே" என்றார் சூப்பர்வைசர். தீ என்ன சீலிங்கைப் பார்த்துத் திரும்பிப் போகுமா? சண்டை போட்டு ஏற்றினேன். மூன்றாம் நாள் ஏணியில் ஏறி டார்ச் அடித்தால், ஏசிக்காரர் பைப் விட உடைத்த ஓட்டை. பைப் ரெண்டு இன்ச், ஓட்டையில் என் தலையே நுழையும்.

"மேலதானேண்ணே, யாரு பாக்கப் போறா?" என்றார் ஏசிக்காரர்.

சதுரமாக வெட்டி, பின்னால் சேனல் துண்டு கொடுத்து, ரெண்டு அடுக்கையும் தனித்தனியாக மூடி, பைப்பைச் சுற்றி ஃபயர் சீலன்ட் அடைத்தேன். அரை நாள் போச்சு. அதற்குக் கூலி கேட்டால் எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள்.

அப்புறம் ஜாயின்ட்டை மறைக்க டேப், அதன் மேல் காம்பவுண்ட் பூச்சு. மழையில் ஒவ்வொரு கோட்டும் காயவே ரெண்டு நாள். கடைசியில் கிளையன்ட் வந்தார். சீலிங்குக்கு மேலே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரிடார் பக்கம் உள்ளங்கையால் தடவி, "இங்க மேடு இருக்கே" என்றார். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்தேன். இருந்தது. உப்புத்தாளை எடுத்தேன்.