மாதா இருக்கிறா அக்கா

"அக்கா, உங்களுக்கு என்னில நம்பிக்கை இல்லையோ, மாதாவில நம்பிக்கை இல்லையோ?"

மிதிவெடி அகற்றும் என் அணியில் வேலை செய்கிற அவள் கேட்டது இவ்வளவுதான். "ரெண்டிலயும் இருக்கு, நீ முதல்ல வெளிய வா" என்று சொல்லிவிட்டு அவள் வெடி தேடுகிற ஒடுங்கிய பாதையை, அவளுடைய லேனை, இன்னொரு பிள்ளையிடம் கொடுத்தேன். செய்தது சரி என்று பகலில் உறுதியாகச் சொல்வேன். இரவில் படுத்தால் அந்த உறுதி நிற்பதில்லை.

அவளுடைய மகனுக்குக் காய்ச்சல். டெங்குவாக இருக்கலாம் என்று வார்டில் மறித்து வைத்திருந்தார்கள். இரவு முழுக்க அவன் பக்கத்தில் இருந்துவிட்டு, விடிய அம்மாவை அங்கே விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். ஜக்கெட்டைக் கட்டினாள், உட்பக்கம் செபமாலையைச் செருகினாள், முகத்தைக் காக்கும் வைசரை இறக்க முன் சிலுவை அடையாளம் போட்டாள். நெற்றிக்குப் போன விரல்கள் நடுங்கின. றேக் பிடிக்கிற கை அது. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிற வேலை எங்களுடையது. பிளாஸ்டிக் மிதிவெடிக்குள் இரும்பு என்று இருப்பது மிகச் சிறிய துண்டு. டிடெக்டரை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஜொனி மிதிவெடி என்றால் மரப்பெட்டி. பெட்டி உக்கிப் போயிருந்தால் வேர் எது, பலகை எது என்று கண்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். நித்திரை இல்லாத கண்ணை அந்த மண்ணுக்கு முன்னால் எப்படி இருத்துவது?

"மாதா இருக்கிறா அக்கா, நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றுதான் அவள் முதலில் சொன்னாள். யோசிக்காமல் சொல்லும் பேச்சென்றால் நானும் அதை அப்போதே மறந்திருப்பேன். 2009இல் போர் முடிகிற நேரம் வட்டுவாகலில் கணவனை இராணுவத்திடம் கையளித்தவள். அதற்குப் பிறகு முகாம், மீள்குடியேற்றம், தகரக் கொட்டில், பிள்ளையின் படிப்பு என்று எல்லாவற்றையும் இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டி வந்தாள். நான் அவளை லேனிலிருந்து எடுத்தபோது அந்த வார்த்தையிலும் கை வைத்துவிட்டேனோ என்பதுதான் என் கேள்வி.

அதே வருடம் எங்கள் அம்மா எங்களை நந்திக்கடல் தண்ணீருக்குள் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். வற்றாப்பளை அம்மாளாச்சியைக் கூப்பிட்டபடியே நடந்தார். எனக்கு நெஞ்சளவு தண்ணீர். சிவப்புத் தடி, வெள்ளைத் தடி நட்டு இது ஆபத்து, இது பாதுகாப்பு என்று காட்ட அங்கே யாரும் இருக்கவில்லை. நாங்கள் கரையேறினோம். எங்களுக்குப் பின்னால் அதே அம்மனைக் கூப்பிட்டபடி வந்த அயல் குடும்பத்தில் எல்லோரும் கரையேறவில்லை. "அம்மாளாச்சிதான் காப்பாற்றினவ" என்று வீட்டில் பேச்செடுத்தால் நான் எழுந்து குசினிக்குள் போய்விடுவேன். அப்படியென்றால் அவர்களை? அம்மாவிடம் இதை நான் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஆனாலும் வைகாசிப் பொங்கலுக்குப் போகாமல் இருந்ததில்லை. கடல் நீர் எடுத்து வந்து விளக்கெரிக்கும்போது சனத்தோடு சனமாக நின்று அழுவேன். அந்த நேரத்தில் எனக்குக் கேள்வி எதுவும் இருக்காது. ஆகவே நம்பிக்கை இல்லாதவள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

அவளுக்குச் சொல்ல ஒரு பதில் பிறகுதான் வந்தது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மடு மாதாவின் சொரூபத்தையே குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆவணியில்தான் திரும்பக் கொண்டு வந்தார்கள். அதற்கும் முந்தி, ஒல்லாந்தர் காலத்தில், மாந்தையிலிருந்து அந்தச் சொரூபம் மடுக் காட்டுக்குள் வந்ததும் பாதுகாப்புத் தேடித்தான். குருமாருக்கு நம்பிக்கை குறைந்துபோய்விட்டது என்று அப்போது யார் சொன்னார்கள்? இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன். வாதத்தில் வெல்லலாம், சரி. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கைப்பிடியாக இருந்ததை இழுத்து எடுத்த கைக்கு அது நியாயமாகுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று மத்தியானத்துக்குள் அவளுடைய லேனில் ஒரு மிதிவெடி வந்தது. மாற்றி விட்ட பிள்ளை அதன் பக்கவாட்டைக் கண்டு, அப்படியே நிறுத்தி, கையைத் தூக்கினாள். முறைப்படி எல்லாம் நடந்தது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு உடம்பு வேர்த்துவிட்டது. என் முடிவு சரி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினால், கூடாரத்துக்குள் இருந்த அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களோ அக்கா, உங்களைக் கொண்டு என்னை எடுப்பிச்சது ஆர்?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. மகிழ்ச்சியாகத்தான் கேட்டாள். என்னைக் குறை சொல்லவில்லை.

காலையில் வெளியே வா என்றது நான். அவளுடைய விரல் நடுக்கத்தைக் கண்டது என் கண். அதை எல்லாம் மாதாவின் கணக்கில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவ்வளவு பேர் வரிசையில் நின்று ஜக்கெட் கட்டும்போது, நான் ஏன் அவளுடைய விரலைப் பார்த்தேன்? அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

மகன் சுகமாகி வந்துவிட்டான். அவள் இப்போதும் என் அணியில்தான் இருக்கிறாள். நித்திரை கொள்ளாமல் வந்தால் நாளைக்கும் வெளியே எடுப்பேன், அதில் மாற்றமில்லை. அவள் மறுபடி அதே கேள்வியைக் கேட்டால், "ரெண்டிலயும் இருக்கு" என்று அவ்வளவு விரைவாகச் சொல்ல எனக்கு வராது.